பாட்டி மீன் வாங்காத வருடம்

அம்மாவுக்கு மாட்டிறைச்சி ஆகாது. அதனால் வியட்நாம் கடைக்கு அவரை அழைத்துப்போகும் எண்ணமே எனக்கு வந்ததில்லை. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போனபோது, வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடையில் ஆட்கள் வாசல் தாண்டி நின்றார்கள. அம்மாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பக்கத்து வியட்நாம் கடையில் நான்கு மேசைகள் காலியாகக் கிடந்தன. நுழைந்துவிட்டோம். மால் கோலாலம்பூரின் தெற்குப் பக்கம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

இந்தக் கடைகள் எல்லாமே ஒரே அச்சு. கூம்புத் தொப்பியைக் கவிழ்த்து உள்ளே விளக்கு மாட்டியிருப்பார்கள். சுவரில் வெள்ளை ஆவ் சாய் உடுத்திய பெண்கள் சைக்கிள் மிதிக்கும் கறுப்பு வெள்ளைப் படம். கண்ணாடிக் கதவில் 'பன்றி இல்லை' அட்டை. நான் தனியாக வந்தால் மாட்டிறைச்சி ஃபோதான் சாப்பிடுவேன். அன்று அம்மா எதிரில் இருந்ததால் நல்ல பிள்ளையாகக் கோழி ஃபோ சொன்னேன். அம்மா படத்தைப் பார்த்து ரொட்டியும் கோழிக்கறியும் சொன்னார். பட்டியலில் அதன் பெயர் 'கா ரி கா'. 'கா' என்றால் கோழி. 'கா ரி' என்றால் என்னவென்று தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாய் வைத்ததும் அம்மா சொன்னார்: "நம்ம கறிதாண்டா இது. எவனோ செராயும் சீனியும் போட்டுக் கெடுத்து வச்சிருக்கான்."

பிறகு சுவர்ப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "இவங்களாலதான் ஒரு வருசம் எங்க வீட்டுல மீனே வாங்கல" என்றார்.

அம்மா குவாந்தானுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். 1979இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. மோட்டார் சைக்கிளில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு லயத்துக்குள் வருவார். ஒரு நாள் பாட்டி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடலில் வியட்நாம் படகுகள் கவிழ்கின்றன, செத்தவர்களை மீன் தின்கிறது, அந்த மீனை நாம் தின்பதா என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. கருவாடு மட்டும் வாங்கினார்களாம். "அது பழைய மீனு, அப்ப இவங்க வரல" என்பது பாட்டியின் கணக்கு.

இருபத்தெட்டு வருடங்களில் இந்தக் கதையை அம்மா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஒரு கிண்ணம் கறி வந்து அதைக் கிளறிவிட்டிருக்கிறது. அன்றிரவு தொடங்கிக் கடந்த நான்கு வாரங்களாக, வேலை முடிந்த நேரமெல்லாம் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கறி. 1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தபோது பாண்டிச்சேரியும் காரைக்காலும் ஏற்கெனவே பிரான்ஸின் கையில் இருந்தன. புதிய காலனியை நடத்தக் காவலர், எழுத்தர், சந்தையில் வரி வசூலிப்பவர், கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் என ஆட்கள் தேவைப்பட்டார்கள். பாண்டிச்சேரித் தமிழர்கள் கப்பலேறினார்கள். 1881இல் ஓர் ஆணை வந்தது. சொந்த மத, சாதி வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ளும் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகனுக்குரிய தகுதியைக் கோரலாம். அப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். சைகோனில் அவர்களுக்கு ஓட்டு இருந்தது. அந்த மண்ணில் பிறந்த வியட்நாமியர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. நத்தாஷா பைரோடோ என்ற ஆய்வாளர் இவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். 2016இல் வந்தது. தமிழில் யாராவது மொழிபெயர்க்க வேண்டும்.

பின்னாலேயே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். மெக்கோங் படுகையின் நெல் விவசாயிகள் அவர்களிடம் கடன்பட்டார்கள். 1930களில் நெல் விலை விழுந்தபோது அடகு வைத்த நிலங்கள் கைமாறின. பர்மாவில் நடந்த அதே கதைதான். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். 1935இல் அவர்கள் கட்டிய பச்சையும் வெள்ளையுமான மசூதி சைகோனின் நடுவில் இன்றும் இருக்கிறது. நாம் தென்கிழக்காசியத் தமிழர் என்றதும் பால்மரம் வெட்டிய கூலிகளை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். சைகோன் தமிழன் பெரும்பாலும் வெள்ளைக்காரன் பக்கம் நின்றவன். வரி கேட்டவன், வட்டி கேட்டவன். அங்கே ரப்பர்த் தோட்டங்களில் கூலியாகச் செத்தவர்கள் வடக்கு வியட்நாமியர்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

1954இல் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். 1975க்குப் பிறகு மிச்சமிருந்த தமிழர்களிலும் பெரும்பாலோர் பிரான்ஸுக்கோ இந்தியாவுக்கோ போய்விட்டார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு மலிவு டிக்கெட்டில் சைகோன் போனபோது துருவோங் டின் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். வியட்நாமியப் பெண்கள் கைநிறைய ஊதுபத்தியோடு நின்றார்கள். கருவறையின் பின்பக்கக் கல்சுவரில் நெற்றியை ஒட்டவைத்து அம்மனிடம் ஏதோ முணுமுணுத்தார்கள். அரை மணி நேரத்தில் ஒரு தமிழ்க் குரல்கூட என் காதில் விழவில்லை. தமிழர்கள் போன பிறகும் அந்த ஊரில் அம்மனும் கறித்தூளும் தங்கிவிட்டன. சந்தான் ஊற்றி, செராய் தட்டிப்போட்டு, சர்க்கரைவள்ளிக்கிழங்கோடு வேகவைத்து, பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ரொட்டியைத் தொட்டுத் தின்கிறார்கள். அம்மா 'கெடுத்து வச்சிருக்கான்' என்று சொன்னது அதைத்தான்.

என் கிண்ணத்துக்கு வருகிறேன். ஃபோ நாம் நினைப்பதுபோல் ஆயிரம் வருடப் பழைய உணவு கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோயிலும் அதற்குத் தெற்கேயுள்ள நாம் டின்னிலும் உருவானது. உழவு மாட்டை வெட்டித் தின்னும் பழக்கம் அங்கே பெரிதாக இருந்ததில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு மாட்டிறைச்சி வேண்டியிருந்தது. அவர்கள் இறைச்சியை எடுத்துக்கொள்ள, மலிவாகக் கிடைத்த எலும்பை ராத்திரி முழுக்கக் கொதிக்கவைத்து, சீனர்களிடமிருந்து வந்த அரிசி மீயை அதில் போட்டுத் தெருவில் காவடி தூக்கி விற்றார்கள். அதுதான் ஃபோ.

மாலில் ஃபோவுடன் ஒரு தட்டு நிறையப் பச்சைத் தவ்கே, துளசி மாதிரி வாசமடிக்கும் இலை, லீமாவ், சிவப்பு மிளகாய், பக்கத்தில் இனிப்பான கறுப்புச் சாந்து எல்லாம் வரும். ஹனோய்க்காரர் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். வடக்கில் ஃபோ என்றால் தெளிந்த ரசம், மீ, இறைச்சி, வெங்காயத்தாள், அவ்வளவுதான். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வடக்கத்தியர்கள் தெற்கே ஓடிவந்தார்கள். மூட்டையோடு ஃபோவும் வந்தது. எதையும் இனிப்பாகவும் பச்சை இலையோடும் தின்னும் சைகோன் அதைத் தன் வாய்க்கு மாற்றிக்கொண்டது. வடக்கிலோ அரசாங்கமே ஃபோ விற்றது. இறைச்சி கிடைக்காத காலத்தில் வெறும் மீயும் வெந்நீரும்போல ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். ஆள் இல்லாமல் பறந்துவந்து படமெடுக்கும் அமெரிக்க உளவு விமானத்தைப் பார்த்துப் பழகிய ஹனோய் மக்கள், இறைச்சி இல்லாத அந்தக் கிண்ணத்துக்கு 'விமானி இல்லாத ஃபோ' என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்து லயங்களில் வெறும் புளித்தண்ணீரை மீன்குழம்பு என்று கிண்டல் செய்வார்களே, அதே வாய்.

சைகோனில் 'ஃபோ பின்' என்று ஒரு கடை. 'பின்' என்றால் அமைதி. கீழே அமெரிக்க வீரர்கள் ஃபோ சாப்பிடுவார்கள். மாடியில் வியட்கோங்கின் ரகசியக் குழு ஒன்று இயங்கியது. 1968 தெட் புத்தாண்டுத் தாக்குதலில் சைகோனுக்கான உத்தரவு அந்த மாடியிலிருந்துதான் போனது. கடை நெடுங்காலம் அதே இடத்தில் ஃபோ விற்றது. இதற்கும் என் கட்டுரைக்கும் பெரிய தொடர்பில்லை. ஆனால் தெரிந்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாலில் நாம் சாப்பிடும் கிண்ணம் தெற்கத்திக் கிண்ணம். அது எப்படி இங்கே வந்தது? இங்கேதான் பாட்டியின் மீன் வருகிறது.

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. மே மாதமே நாற்பத்தேழு பேரோடு முதல் படகு திரெங்கானு பக்கம் வந்துவிட்டது. வியட்நாமின் தென்முனையான கா மாவிலிருந்து பீடோங் தீவுக்கு நேர்க்கோட்டில் நானூறு கிலோமீட்டர்கூட இல்லை. வரைபடத்தில் அளந்து பார்த்தேன். கோலாலம்பூரிலிருந்து கோல திரெங்கானுவுக்குக் காரில் போகும் தூரத்தைவிடக் குறைவு. 1978இல் வியட்நாம் அரசு தனியார் வணிகத்தை ஒழித்தபோது வியட்நாமியச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். ஆற்றுப்படகு, மீன்படகு, எது கிடைத்ததோ அதில் ஏறினார்கள். வழியில் புயலும் கொள்ளையர்களும். அந்த நவம்பரில் ஹாய் ஹோங் என்ற பழைய சரக்குக் கப்பல் ஏறக்குறைய 2,500 பேரோடு கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. இறங்க விடவில்லை. அதே மாதம் கோல திரெங்கானுவில் கரையேற முடியாமல் திருப்பப்பட்ட ஒரு படகு கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாட்டியின் காதுக்கு வந்த பேச்சு வெறும் வதந்தி என்று இனி என்னால் சொல்ல முடியாது.

பீடோங் தீவை 1978 ஆகஸ்ட்டில் முகாமாக்கினார்கள். தீவின் மொத்தப் பரப்பு சுமார் ஒரு சதுர கிலோமீட்டர். அதிலும் பெரும்பகுதி செங்குத்தான மலை. 4,500 பேருக்கான இடம் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1979 ஜூனில் அங்கே ஏறக்குறைய 40,000 பேர் இருந்தார்கள். நான் கழிவுநீர்க் குழாய் வடிவமைக்கும் வேலை பார்ப்பவன். எங்கள் வழிகாட்டியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் என்று போடுவோம். நாற்பதாயிரம் பேர் என்றால் ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் கன மீட்டர். ஒரு சிறிய பட்டணத்துக்கான அளவு. அதற்குரிய எந்த ஏற்பாடும் இல்லாத ஒரு பாறைத் தீவில், உடைந்த படகின் பலகையையும் காட்டு மரத்தையும் நீல பிளாஸ்டிக்கையும் வைத்து இரண்டு, மூன்று மாடிக் குடிசைகள் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். மலேசியச் செம்பிறைச் சங்கம் அரிசி, மீ, டின் சார்டின் எல்லாம் கொடுத்தது. குடிதண்ணீர் கரையிலிருந்து போனது. அந்த நெரிசலிலும் ரொட்டி சுட்டு விற்றவர்கள் இருந்தார்கள், காப்பிக்கடை வைத்தவர்கள் இருந்தார்கள். மலேசியாவின் முதல் வியட்நாம் காப்பிக்கடைகள் அங்கேதான் இருந்தன என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நமக்கு அங்கே போய்ச் சாப்பிட அனுமதி இல்லை.

1979இன் முதல் ஆறு மாதங்களில் மலேசியக் கடற்படை பல்லாயிரம் பேரைப் படகோடு ஆழ்கடலுக்கு இழுத்துச்சென்று விட்டது. அந்த ஜூனில், இனி வருபவர்களைச் சுடுவோம் என்று அன்றைய துணைப்பிரதமர் மகாதீர் சொன்னதாக உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அப்படிச் சொல்லவில்லை என்று விளக்கம் வந்தது. பிரதமர் உசேன் ஓன், யாரையும் சுடமாட்டோம் என்று உறுதி கொடுத்தார். ஜூலையில் ஜெனீவாவில் மாநாடு கூடியது. பணக்கார நாடுகள் இவர்களை ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தன. நம் நாட்டின் நிலை கடைசிவரை ஒன்றுதான்: தற்காலிகமாக இருக்கலாம், தங்க முடியாது. வந்தவர்களில் பெருவாரியானவர்கள் சீனர்கள், மே 13 கலவரம் நடந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன். அதே காலத்தில் கம்போடியாவிலிருந்து வந்த சாம் முஸ்லிம்கள் சில ஆயிரம் பேரை இங்கேயே குடியமர்த்தினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டரை இலட்சம் வியட்நாமியர்கள் இந்த நாட்டின் வழியாகப் போனார்கள். பீடோங் 1991 அக்டோபரில் மூடப்பட்டது. மிச்சம் இருந்தவர்கள் சுங்கை பீசி முகாமுக்கு வந்தார்கள். அது 1996இல் மூடப்பட்டது. கடைசி ஓர் ஆள் 2005 ஆகஸ்டில் திருப்பி அனுப்பப்பட்டார். அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். என் வரலாற்றுப் பாடத்தில் இதைப் படித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. சுங்கை பீசி வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

அவர்கள் சமைத்ததும் அவர்களோடு போய்விட்டது. கலிஃபோர்னியாவிலும் சிட்னியிலும் பாரிஸிலும் கடை திறந்தார்கள். 1983இல் சான் ஹோசேயில் ஆரம்பித்த 'ஃபோ ஹோவா' பிறகு தொடர் கடையாகி இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தென்கொரியா வரை வந்தது. ஒரே மாதிரி உணவுப்பட்டியல், ஒரே மாதிரி கிண்ணம், எண் போட்ட பதார்த்தம் என்கிற மால் கடை வடிவம் அமெரிக்காவில் பழுத்தது. நானூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து நம் கரைக்கு வந்த கிண்ணத்தை இழுத்துக் கடலில் விட்டோம். அது பசிபிக்கைத் தாண்டிப்போய், குளிர்சாதனமும் சேவை வரியும் சேர்ந்து, 22 வெள்ளிக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு அம்மாவிடம் போய் அரசாங்கத்தைத் திட்டினேன். அவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு, "உங்க தாத்தா என்ன சொன்னாரு தெரியுமா? நல்லா இழுத்துட்டுப் போய் விடட்டும்னு சொன்னாரு" என்றார்.

தாத்தா அப்போது சிவப்பு ஐசி வைத்திருந்தார். இந்த மண்ணுக்குக் கைக்குழந்தையாக வந்தவர், பிறந்த தாள் எதுவும் இல்லாதவர். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது அவருடைய தோட்டத்திலிருந்தே பல குடும்பங்கள் ரஜூலா கப்பலேறி, பார்த்தே இராத ஊருக்குப் 'திரும்பி'ப் போயின. தாத்தா எப்படியோ ஒட்டிக்கொண்டார். நீல ஐசிக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். அந்த நேரத்தில்தான் படகுகள் வந்தன. "இவனுங்கள ஏத்துக்கிட்டா நம்ம பேப்பர் இன்னும் அடியில போயிரும்" என்று லயத்தில் உட்கார்ந்து பேசுவாராம்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நாடில்லாதவனுக்கு நாடில்லாதவன் பரிவு காட்டியிருப்பான் என்று எங்கோ ஓர் எண்ணம் இருந்திருக்கும். தாத்தாவுக்கு நீல ஐசி 1984இல் வந்தது. அவர் பயந்ததுபோல வியட்நாம்காரர்களால் ஒரு நாள்கூடத் தாமதமானதாகத் தெரியவில்லை. அந்த ஐசியால்தான் நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்று அம்மா நம்புகிறார். அவரை நான் எந்த இடத்தில் நின்று குறை சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். மிச்சக் கறியைத் தாப்பாவ் பண்ணச் சொன்னார் அம்மா. பையனுக்கு இருபது வயது இருக்கும். அம்மா தன் சந்தை மலாயில் கேட்டார்: "ஆடே, ஓராங் வியட்நாம் கா?"

"புக்கான், மக்சிக். மியன்மார்."

சின் மாநிலமாம். ஏழு வருடமாக இங்கே இருக்கிறான். அண்ணன் இண்டியானாபோலிஸ் போய்விட்டார். இவனுக்கு இன்னும் கூப்பிடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஐ.நா. அகதி அட்டையை லேசாக எடுத்துக் காட்டிவிட்டு உடனே உள்ளே வைத்துக்கொண்டான். இன்று மலேசியாவில் இப்படி அட்டை வைத்திருப்பவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. அந்த அட்டை இருந்தாலும் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இல்லை. கடையின் பெயரை எழுதாததற்கு அதுதான் காரணம்.

"சூடா மாக்கான்?" என்று அம்மா கேட்டார். அவன் சிரித்துவிட்டுத் தாப்பாவ் பையில் ரெண்டு ரொட்டி கூடுதலாக வைத்தான்.

காரில் ஏறியதும் அம்மாவிடம் கேட்டேன், பாட்டி திரும்ப எப்போது மீன் வாங்க ஆரம்பித்தார் என்று. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஞாபகம் இல்லடா. ஒரு நாளு மீன்காரன் ஹாரன் அடிச்சான், தட்ட எடுத்துக்கிட்டுப் போனாங்க. கெம்போங் மீனு அன்னைக்கி மலிவா இருந்துச்சி."